வீட்டுக்கடனைக் காலத்துக்கு முன்பே அடைப்பது எப்படி: சம்பளக் குடும்பத்துக்கு ஒரு முழு வழிகாட்டி

40 லட்சம் ரூபாய் வீட்டுக்கடன், 20 ஆண்டு, 8.5 சதவீத வட்டி. சென்னைப் புறநகரிலோ கோவையிலோ இரண்டு படுக்கையறை வீடு வாங்கும் குடும்பத்துக்கு இது சாதாரணக் கணக்கு. மாதத் தவணை 34,713 ரூபாய். முதல் மாதம் கட்டும் பணத்தில் 28,333 ரூபாய் வட்டிக்கே போய்விடும். அசலில் கழிவது 6,380 ரூபாய்தான். முதல் ஆண்டு முழுக்க 4.16 லட்சம் கட்டிய பிறகு பார்த்தாலும் கடன் 80 ஆயிரம்கூடக் குறைந்திருக்காது. பாதி அசல் அடைபடவே ஏறக்குறைய 14 ஆண்டு ஆகும். 20 ஆண்டு முடியும்போது நீங்கள் கட்டிய மொத்தம் 83.3 லட்சம். வாங்கியதைவிட வட்டி அதிகம்.

இந்தக் கணக்கைப் பார்த்துப் பயந்து போகிறவர்கள் உண்டு. ஆனால் வழியும் இதே கணக்குக்குள்தான் இருக்கிறது. இரண்டாவது தவணையில் அசலுக்குப் போக வேண்டிய தொகை 6,425 ரூபாய். முதல் மாதத் தவணையோடு சேர்த்து அந்த 6,425 ரூபாயையும் கட்டிவிட்டீர்கள் என்றால், கடன் அட்டவணையில் ஒரு மாதம் முன்னே தாண்டிவிடுவீர்கள். கடைசியில் 34,713 ரூபாயின் ஒரு முழுத் தவணை இல்லாமல் போகும். 13-வது ஆண்டின் தொடக்கத்தில் அதே ஒரு தவணையைத் தூக்க 17,600 ரூபாய்க்கு மேல் வேண்டும். அதனால் கூடுதல் பணம் எவ்வளவு என்பதைவிட எப்போது கட்டுகிறீர்கள் என்பதுதான் பெரிது. "சம்பளம் நன்றாக உயரட்டும், அப்புறம் பார்க்கலாம்" என்று பத்து ஆண்டு தள்ளிப் போடுவதுதான் இதில் மிகவும் விலை கூடிய முடிவு.

முதலில் உங்கள் கடனைப் படியுங்கள்

சாங்ஷன் லெட்டரையும் (கடன் அனுமதிக் கடிதம்) கடைசி ஸ்டேட்மென்ட்டையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். இன்றைய அசல் பாக்கி, இன்றைய வட்டி விகிதம், மீதி எத்தனை தவணை, வட்டி மாறும் வகையா நிலையானதா, மாறும் வகை என்றால் எதோடு இணைந்தது ஆகியவற்றை ஒரு தாளில் எழுதுங்கள். ஸ்டேட்மென்ட் வரவில்லை என்றால் கேட்டு வாங்குங்கள். அதுவரை கட்டிய அசல், வட்டி, தவணைத் தொகை, மீதித் தவணைகள், ஆண்டு வட்டி விகிதம் எல்லாம் உள்ள கணக்கை மூன்று மாதத்துக்கு ஒருமுறை கடன் வாங்கியவருக்குத் தர வேண்டும் என்று ரிசர்வ் வங்கி 2023 ஆகஸ்டில் உத்தரவிட்டிருக்கிறது.

இணைப்பு விஷயத்தைக் கொஞ்சம் கவனமாகப் பாருங்கள். 2019 அக்டோபர் 1 முதல் வங்கிகள் தரும் புதிய மாறும் வட்டி வீட்டுக்கடன்கள் வெளி அளவுகோல் ஒன்றோடு இணைக்கப்பட வேண்டும். பெரும்பாலும் அது ரெப்போ விகிதம், அதாவது ரிசர்வ் வங்கி மற்ற வங்கிகளுக்குக் கடன் தரும் வட்டி. அதற்கு முன் வாங்கிய கடன், வங்கி தன் நிதிச் செலவை வைத்துத் தானே நிர்ணயிக்கும் எம்சிஎல்ஆரிலோ அதற்கும் பழைய பேஸ் ரேட்டிலோ இன்னும் கிடக்கலாம். அப்படி இருந்தால், இன்று அதே வங்கி புதிதாக வருபவருக்கு என்ன வட்டி சொல்கிறது என்று விசாரியுங்கள். வித்தியாசம் அரை சதவீதம் இருந்தாலே 40 லட்சத்துக்கு 20 ஆண்டில் 3 லட்சத்துக்கு மேல் ஆகும். மாற்றிக்கொள்ள ஒரு கட்டணம் கேட்பார்கள். பெரும்பாலும் அது சில மாதங்களிலேயே திரும்பிவிடும். வேறு வங்கிக்கே கடனை மாற்றுவதானால் புதிய பிராசஸிங் கட்டணம், வக்கீல் பார்வை, மதிப்பீட்டுக் கட்டணம், சார்பதிவாளர் அலுவலகத்தில் மறுபடி எம்ஓடி (பத்திரங்களை ஒப்படைத்து அடமானம் வைத்ததற்கான ஆவணம்) பதிவு என்று செலவு வரிசையாக வரும். அத்தனையையும் கூட்டிப் பார்த்த பிறகு முடிவு செய்யுங்கள். பாதிக் காலம் தாண்டிய கடனுக்கு இது பெரும்பாலும் கட்டுப்படியாகாது.

"முன்கூட்டிக் கட்டினால் அபராதம் போடுவார்களாமே" என்ற பயம் இன்னும் பல வீடுகளில் இருக்கிறது. தனிநபர் பெயரில் உள்ள மாறும் வட்டி வீட்டுக்கடனுக்கு அப்படி அபராதம் வாங்கக் கூடாது என்று 2012-லேயே ரிசர்வ் வங்கி வங்கிகளுக்குச் சொல்லிவிட்டது. 2026 ஜனவரி 1 முதல் அனுமதிக்கப்படும் கடன்களுக்கு விதி இன்னும் தெளிவாக இருக்கிறது: பணம் எங்கிருந்து வந்தது என்று பார்க்கக் கூடாது, இத்தனை மாதம் கழித்துத்தான் கட்டலாம் என்ற நிபந்தனையும் கூடாது. நிலையான வட்டிக் கடன் வேறு கதை; அதில் கட்டணம் இருக்கலாம், ஒப்பந்தத்தைப் படித்துத்தான் சொல்ல முடியும்.

உங்கள் தவணை வேலை செய்கிறதா என்று பாருங்கள்

கூடுதலாகக் கட்டுவதைப் பற்றி யோசிக்கும் முன், இப்போது கட்டும் தவணையே அசலைக் குறைக்கிறதா என்று பார்த்துவிட வேண்டும். இது வீண் சந்தேகம் இல்லை. 2022 மே மாதத் தொடக்கத்தில் 4 சதவீதமாக இருந்த ரெப்போ, 2023 பிப்ரவரிக்குள் 6.5 சதவீதம் ஆனது. 7 சதவீத வட்டியில் 40 லட்சம் வாங்கியவரின் தவணை 31,012 ரூபாய். அதே கடன் 9.5 சதவீதத்துக்குப் போனால் ஒரு மாத வட்டி மட்டும் 31,667 ரூபாய். தவணை வட்டிக்கே பத்தவில்லை! அந்த நாட்களில் பல கடன்களுக்குத் தவணைத் தொகையைத் தொடாமல் காலத்தை மட்டும் நீட்டினார்கள். மாதம் கையிலிருந்து போகும் பணம் மாறாததால் பலருக்கு விஷயமே தெரியவில்லை. 55 வயதில் முடிய வேண்டிய கடன் 65-ஐத் தாண்டிப் போய் நின்றது.

மேலே சொன்ன 2023 உத்தரவு இதற்காகவே வந்தது. வட்டி மாறும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலப்பதா என்று கடன் வாங்கியவரைக் கேட்க வேண்டும். எனவே உங்கள் கடன் முடியும் தேதியைச் சாங்ஷன் லெட்டரில் இருக்கும் தேதியோடு ஒப்பிடுங்கள். தள்ளிப் போயிருந்தால் முதல் வேலை தவணையை உயர்த்தச் சொல்லி எழுதிக் கொடுப்பது. ஓய்வு பெறும் மாதத்துக்கு அப்பால் ஒரு தவணைகூட இருக்கக் கூடாது என்பது என் கருத்து. ஓய்வூதியம் இல்லாத தனியார் வேலைக்காரர்களுக்கு இதில் விட்டுக்கொடுக்கவே முடியாது.

வட்டி இறங்கும்போது எதிர்ப்பக்கத்தைக் கவனியுங்கள். 2025-ல் ரெப்போ படிப்படியாகக் குறைந்து ஜூனில் 5.5 சதவீதத்துக்கு வந்தது. அப்போது தவணையும் குறைந்து மாதம் ஆயிரம் இரண்டாயிரம் மிஞ்சினால், சந்தோஷமாகச் செலவு செய்யத் தோன்றும். தவணையைப் பழைய அளவிலேயே வைக்கச் சொல்லுங்கள். வீட்டில் ஒரு செலவையும் குறைக்காமல் கிடைக்கும் கூடுதல் பணம் அது.

பட்ஜெட்: வருடச் செலவில்தான் ஓட்டை

மாதச் செலவு நமக்கெல்லாம் ஏறக்குறையத் தெரியும். மளிகை, பால், கேஸ், பெட்ரோல் எவ்வளவு என்று யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். திட்டத்தைக் கவிழ்ப்பது வருடத்துக்கு ஒருமுறை, இருமுறை வரும் செலவுகள். ஜூனில் ஸ்கூல் ஃபீஸ், அரையாண்டுக்கு ஒருமுறை சொத்து வரி, தீபாவளித் துணி, வண்டி இன்சூரன்ஸ், ஊர்த் திருவிழா, ஆவணியிலும் தையிலும் அடுக்கடுக்காக வரும் கல்யாணங்களுக்கு மொய். இவை எதிர்பாராத செலவுகளே இல்லை. தேதி தெரிந்து, தொகையும் தெரிந்து வருபவை. ஆனால் வரும்போதெல்லாம் கிரெடிட் கார்டைத் தேய்க்கிறோம். அந்த மாதம் கடனுக்குக் கூடுதலாகக் கட்ட வைத்திருந்த பணம் காணாமல் போகிறது.

ஒரு குடும்பத்தை வைத்துப் பார்ப்போம். இருவர் சம்பளமும் சேர்ந்து கைக்கு வருவது 95,000 ரூபாய். ஸ்கூல் ஃபீஸ் 60,000, தீபாவளியும் பொங்கலும் 25,000, மொய்யும் சீரும் 30,000, மருத்துவக் காப்பீடு 25,000, டெர்ம் இன்சூரன்ஸ் 18,000, ஊர்ப் பயணம் 16,000, வண்டிக்கு 12,000, சொத்து வரி, தண்ணீர் வரி 6,000. கூட்டினால் ஆண்டுக்கு 1,92,000, மாதத்துக்கு 16,000. சம்பளம் வந்த மறுநாளே இந்த 16,000 தனி சேமிப்புக் கணக்குக்குப் போய்விட வேண்டும். அந்தக் கணக்குக்கு ஜிபே வேண்டாம், டெபிட் கார்டு வீட்டு அலமாரியில் இருக்கட்டும்.

இனி மாதக் கணக்கு. தவணை 34,713-ம் இந்த 16,000-மும் போக மிச்சம் 44,287. மளிகை, பால், காய்கறி, கறி மீனுக்கு 17,000, ஈபி, கேஸ், போன், இணையத்துக்கு 4,500, பெட்ரோல், ஸ்கூல் வேன் 6,500, ஊரிலிருக்கும் பெற்றோருக்கு 5,000, மற்றவை 4,000. மொத்தம் 37,000. மீதி 7,287 ரூபாய். இதில் 5,000-ஐக் கடனுக்கு ஒதுக்கினால் என்ன நடக்கும் என்பதைக் கொஞ்சம் கழித்துப் பார்ப்போம்.

ஈபி பில் நம் ஊரில் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை வருவது. பில் வராத மாதத்தில் அதன் பாதியை எடுத்து வைக்காவிட்டால் வரும் மாதம் இடிக்கும், அதுவும் கோடையில். ஓடிடி சந்தா, ஆன்லைன் சாப்பாடு, தவணையில் வாங்கிய போன் என்று சிறு சிறு கசிவுகளை எழுதிப் பார்த்தால் பல வீடுகளில் இரண்டாயிரம் மூவாயிரம் தேறும். ஆனால் பெற்றோருக்கு அனுப்பும் பணத்திலும் பிள்ளைகளின் சாப்பாட்டிலும் கை வைத்துக் கடனைச் சீக்கிரம் முடிப்பதை நான் யாருக்கும் சொல்ல மாட்டேன். ஐந்து ஆண்டு சேர்ந்தாற்போல் தாக்குப்பிடிக்கக்கூடிய பட்ஜெட்தான் இதற்கு வேண்டும்.

வீட்டுக்கடனுக்கு முன்னால் மூன்று வேலைகள்

வீட்டுக்கடன்தான் வீட்டில் இருக்கும் கடன்களிலேயே வட்டி குறைந்தது. கிரெடிட் கார்டு பாக்கிக்கு மாதம் மூன்று சதவீதத்துக்கு மேல், அதாவது ஆண்டுக்கு 36 சதவீதத்தைத் தாண்டி வட்டி ஓடுகிறது. பர்சனல் லோன், அடகுக் கடையில் இருக்கும் நகை, தெரிந்தவரிடம் மூன்று வட்டிக்கு வாங்கியது எல்லாம் முதலில் முடிய வேண்டும். இவற்றில் ஒன்று இருக்கும்போது வீட்டுக்கடனுக்குக் கூடுதலாகக் கட்டுவது நஷ்டம்.

இரண்டாவது, அவசர நிதி. தவணையையும் சேர்த்து ஆறு மாதச் செலவு. மேலே பார்த்த குடும்பத்துக்கு, தனியாகச் சேரும் வருடச் செலவுப் பணத்தை விட்டுவிட்டாலே, அது 4.3 லட்சம் வரும். அரசு வேலையில் இருப்பவர்களுக்கு மூன்று மாதத்துக்கு இருந்தால் போதும். ஐடி, தனியார் கம்பெனி, சொந்தத் தொழில் என்றால் ஆறுக்குக் கீழே இறங்காதீர்கள். வங்கிக்கு முன்கூட்டிக் கட்டிய பணத்தை, வேலை போன மாதத்தில் திருப்பிக் கேட்க முடியாது. மூன்று லட்சம் முன்பணம் கட்டியிருக்கிறேன், இரண்டு தவணையை விடுங்கள் என்றால் விட மாட்டார்கள். அந்த நிதி நிரம்பும்வரை மிச்சப் பணத்தில் பாதி அதற்கு, பாதி கடனுக்கு என்று பிரித்துக்கொள்ளலாம். போனஸ் முழுக்க அதற்கே போகட்டும்.

சில வங்கிகளில் ஓவர்டிராஃப்ட் வகை வீட்டுக்கடன் உண்டு. ஸ்டேட் வங்கியின் மேக்ஸ்கெயின் பலரும் அறிந்தது. கடன் கணக்கிலேயே உபரிப் பணத்தைப் போட்டு வைக்கலாம், போட்டிருக்கும் நாட்களுக்கு அந்தத் தொகைக்கு வட்டி ஓடாது, வேண்டும்போது எடுத்துக்கொள்ளலாம். அவசர நிதியை வைக்க நல்ல இடம். வட்டி சற்றுக் கூடுதலாக இருக்கும் என்பதைக் கவனியுங்கள். பணம் எடுக்கும் வசதி கையில் இருந்தால் எடுத்துவிடுவோம் என்று தெரிந்தவர்கள் சாதாரணக் கடனிலேயே இருப்பது நல்லது.

மூன்றாவது, சம்பாதிப்பவர் பெயரில் கடன் தொகைக்குக் குறையாத டெர்ம் இன்சூரன்சும் குடும்பத்துக்கு மருத்துவக் காப்பீடும். இது இல்லாமல் கடனை வேகமாக அடைப்பதில் அர்த்தமில்லை.

எவ்வளவு, எப்படிக் கூடுதலாகக் கட்டுவது

எல்லாக் கணக்கும் அதே 40 லட்சம், 20 ஆண்டு, 8.5 சதவீதத்துக்கு, வட்டி மாறாது என்று வைத்துப் போட்டவை.

மாதம் 5,000 கூடுதல்: முதல் மாதத்திலிருந்தே தவணையோடு சேர்த்து 39,713 கட்டினால் கடன் 14 ஆண்டு 9 மாதத்தில் முடிகிறது. ஐந்தேகால் ஆண்டு மிச்சம்; வட்டியில் மிஞ்சுவது சுமார் 13 லட்சம். கூடுதலாக நீங்கள் கட்டியது ஒன்பது லட்சத்துக்கும் குறைவு. மேலே பார்த்த பட்ஜெட்டில் மிஞ்சிய 7,287 ரூபாயில் ஐயாயிரத்துக்கு இருக்கும் பலம் இது.

ஆண்டுக்கு ஒரு தவணை கூடுதல்: தீபாவளி போனஸோ, ஈட்டிய விடுப்பு சரண் செய்த பணமோ, ஊரில் நிலம் குத்தகைக்குப் போன பணமோ, ஏதோ ஒன்றில் ஆண்டு முடிவில் 34,713 ரூபாய் கட்டினால் 16 ஆண்டு 9 மாதத்துக்குள் கடன் தீரும். 8 லட்சத்துக்கு மேல் மிச்சம்.

ஆண்டுதோறும் தவணையை 5 சதவீதம் உயர்த்துவது: எனக்கு மிகவும் பிடித்த வழி இதுதான். இன்கிரிமென்ட் அல்லது அகவிலைப்படி வந்த மாதத்தில் தவணையையும் உயர்த்திவிடுங்கள். இரண்டாம் ஆண்டு 36,449, மூன்றாம் ஆண்டு 38,271 என்று போகும். கடன் 12 ஆண்டு 3 மாதத்தில் முடியும். மிச்சம் பதினைந்தரை லட்சம். 12-வது ஆண்டில் தவணை 59,000 ரூபாயைத் தாண்டியிருக்கும் என்பதையும் சொல்லிவிட வேண்டும். சம்பளம் அந்த வேகத்தில் ஏறும் வேலையில் இருப்பவர்களுக்குத்தான் இது பொருந்தும். ஏறாத ஆண்டில் நிறுத்திக்கொள்ளலாம். உயர்ந்த சம்பளம் செலவாகப் பழகுவதற்கு முன்பே போய்விடுவதால் வீட்டில் யாருக்கும் பெரிதாக உறைக்காது.

மொத்தமாக ஒரு லட்சம்: சீட்டு முடிந்து வந்த பணம், இன்சூரன்ஸ் முதிர்வு, பாகப்பிரிவினையில் வந்தது. இரண்டாம் ஆண்டு முடிவில் கட்டினால் 12 தவணைகளுக்கு மேல் குறைந்து 3.4 லட்சம் வட்டி மிஞ்சும். அதே ஒரு லட்சத்தை 12-ம் ஆண்டு முடிவில் கட்டினால் குறைவது ஐந்தரைத் தவணை. மிஞ்சுவது 94 ஆயிரம்.

சீட்டு என்றதும் ஒன்று. கடனுக்குக் கட்டுவதற்காகவே சீட்டைத் தள்ளுபடிக்கு முன்கூட்டியே எடுக்காதீர்கள். தொடக்க மாதங்களில் சீட்டு எடுப்பவர் விடும் தள்ளு, வீட்டுக்கடன் வட்டியைத் தாண்டிவிடும். பதிவு பெற்ற சீட்டில் கடைசிவரை இருந்து எடுத்தால் சரி.

வங்கியில் சொல்ல வேண்டிய ஒரே வாக்கியம்

மொத்தப் பணம் கட்டும்போது, "தவணை அப்படியே இருக்கட்டும், காலத்தைக் குறையுங்கள்" என்று எழுத்தில் கொடுங்கள். இதைக் கேட்காமலே தவணைத் தொகையைக் குறைத்துவிடும் இடங்கள் உண்டு. இரண்டாம் ஆண்டு முடிவில் கட்டிய அதே ஒரு லட்சத்தில் தவணை குறைந்தால் மாதம் 905 ரூபாய்தான் இறங்கும். கடன் முடியும் தேதி மாறாது. மொத்தத்தில் மிச்சம் 95 ஆயிரம். காலம் குறைந்தால் 3.4 லட்சம். ஒரே பணம், ஒரு கையெழுத்தில் இவ்வளவு வித்தியாசம்.

தவணையைக் குறைத்துக்கொண்டு, அந்த 905 ரூபாயையும் மாதாமாதம் தானாகக் கட்டிவந்தால் இதே பலன் கிடைக்கும், நெருக்கடி வந்தால் கட்டாயத் தவணையும் கொஞ்சம் குறைவாக இருக்கும் என்று சிலர் சொல்வார்கள். கணக்கு சரிதான். மாதம் தவறாமல் அதைச் செய்பவர்களுக்கு அது நல்ல வழி. வருமானம் ஏறி இறங்கும் தொழில் செய்பவர்களுக்கு அதுவே பாதுகாப்பும்கூட. மற்றவர்கள் காலத்தைக் குறைத்துவிடுங்கள்.

பணம் கட்டும் விதம் இடத்துக்கு இடம் மாறும். சில வங்கிகளில் செயலியிலேயே பார்ட் பேமென்ட் பகுதி இருக்கும். சிலவற்றில் கடன் கணக்கு எண்ணுக்கு நேராக அனுப்பலாம். சில வீட்டு வசதி நிதி நிறுவனங்கள் கிளைக்கு வந்து காசோலையும் கடிதமும் தரச் சொல்லும், ஒருமுறை கட்டக் குறைந்தபட்சத் தொகையும் வைத்திருக்கும். மாதம் 5,000 வாங்க மாட்டோம் என்றால், பேங்க் ஆர்டியில் சேர்த்து மூன்று அல்லது ஆறு மாதத்துக்கு ஒருமுறை கட்டுங்கள். கட்டிய ஒரு வாரத்துக்குள் ஸ்டேட்மென்ட் எடுத்து அசல் பாக்கி அந்த அளவு குறைந்திருக்கிறதா என்று பார்ப்பதைத் தவறவிட வேண்டாம். கூடுதல் பணத்தை அடுத்த தவணைக்கான அட்வான்ஸாக வரவு வைத்துவிட்டால் வட்டி குறையாது. அப்படி இருந்தால் உடனே எழுதிக் கொடுத்துத் திருத்துங்கள்.

இந்தப் பணத்தை வேறெங்காவது போடலாமே?

ஃபிக்ஸட் டெபாசிட்டோடு ஒப்பிட்டால் யோசிக்கவே வேண்டாம். 7 சதவீத டெபாசிட்டில் 20 சதவீத வரி வரம்பில் இருப்பவருக்குச் செஸ் போகக் கையில் நிற்பது ஐந்தரை சதவீதம். கடனுக்குக் கட்டினால் 8.5 சதவீதம் மிச்சம், அதற்கு வரியும் கிடையாது. அவசர நிதிக்கு மேல் டெபாசிட் வைத்துக்கொண்டு வீட்டுக்கடனும் கட்டுகிறவர்கள் முதலில் அதைத்தான் தொட வேண்டும்.

பிஎஃப் வேறு. 2024-25-க்கு அதன் வட்டி 8.25 சதவீதம், கடன் வட்டிக்குக் கிட்டத்தட்டச் சமம், அதோடு அது முதுமைக்கான பணம். வீட்டுக்கடனுக்காக அதை எடுக்க விதி இடம் தருகிறது என்பதற்காக எடுத்துவிடாதீர்கள். மியூச்சுவல் ஃபண்ட் எஸ்ஐபி நீண்ட காலத்தில் கடன் வட்டியைவிடக் கூடத் தரலாம், தராமலும் போகலாம். கடனில் மிஞ்சுவது நிச்சயம். ஓடிக்கொண்டிருக்கும் எஸ்ஐபியை நிறுத்தாமல், புதிதாக மிஞ்சும் பணத்தைக் கடனுக்குத் திருப்புவது நடுவழி. பிள்ளைகள் படிப்புக்கும் ஓய்வுக் காலத்துக்கும் ஒன்றும் சேர்க்காமல் 50 வயதில் கடனற்ற வீட்டில் உட்கார்ந்தால், கல்லூரிக்காக அதே வீட்டை மறுபடி அடமானம் வைக்க நேரும்.

"வீட்டுக்கடன் இருந்தால் வரி மிச்சம், ஏன் அடைக்கிறாய்" என்று அலுவலகத்தில் யாராவது சொல்வார்கள். புதிய வரி முறையில் இருந்தால், சொந்தமாகக் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவே இல்லை. அந்தப் பேச்சு அங்கேயே முடிந்தது. பழைய முறையில் ஆண்டுக்கு 2 லட்சம்வரை வட்டிக்குக் கழிவு உண்டு. நம் கணக்கில் முதல் ஆண்டு வட்டி 3.37 லட்சம். 2 லட்சத்துக்கு மேலே இருக்கும் 1.37 லட்சத்துக்கு எந்தச் சலுகையும் இல்லை, முன்கூட்டிக் கட்டும்போது முதலில் குறைவது அந்தப் பகுதிதான். கணவன் மனைவி இருவரும் உரிமையாளர்களாகவும் கடன்தாரர்களாகவும் இருந்து தனித்தனியாகக் கழிவு கோருகிறவர்கள் மட்டும் கொஞ்சம் நிதானமாகக் கணக்குப் போட வேண்டும்.

வீட்டோடு பேசுங்கள்

ஒருவர் மட்டும் மனதுக்குள் போடும் திட்டம் நிற்காது. நாத்தனார் வீட்டு விசேஷத்துக்கு எவ்வளவு செய்வது, இந்த ஆண்டு கார் வாங்குவதா, பிள்ளையை எந்தப் பள்ளியில் சேர்ப்பது என்பதெல்லாம் கடனோடு சேர்ந்த முடிவுகள். வீட்டில் பெரியவர்கள் இருந்தால் அவர்களிடமும் தொகையோடு சொல்லிவிடுங்கள். இப்போதைக்கு மொய் இவ்வளவுதான் என்று அம்மா தெரிந்துகொண்டால், உறவுக்காரர்களிடம் அவரே பேசிவிடுவார். அசல் பாக்கியை மாதத்துக்கு ஒருமுறை காலண்டரில் எல்லோர் கண்ணிலும் படும்படி எழுதி வையுங்கள். முதல் இரண்டு ஆண்டு எண் நகராத மாதிரி இருக்கும். கூடுதலாகக் கட்டும் பணம் மட்டும்தான் அதை அசைக்கிறது என்பது பிள்ளைகளுக்குக்கூட அப்போது புரியும்.

ஓரிரு மாதம் கூடுதல் பணம் கட்ட முடியாமல் போனால் திட்டம் உடைந்துவிட்டது என்று நினைக்க வேண்டியதில்லை. அடுத்த மாதம் தொடருங்கள், அவ்வளவுதான்.

கடனை முடிக்கும் நாளும் அதற்குப் பிறகும்

கடைசித் தொகையை நீங்களாகக் கணக்கிட்டு அனுப்பாதீர்கள். ஃபோர்குளோஷர் லெட்டர் (கடனை முடிக்க வேண்டிய தொகையைச் சொல்லும் கடிதம்) கேளுங்கள். எந்தத் தேதிவரை எவ்வளவு என்று அதில் இருக்கும். கட்டிய பிறகு பாக்கி இல்லை என்ற சான்றிதழ், கணக்கு பூஜ்யமான ஸ்டேட்மென்ட், கடன் வாங்கும்போது கொடுத்த காசோலைகள் மூன்றையும் வாங்குங்கள். சம்பளக் கணக்கில் தவணைக்காகக் கொடுத்த ஆட்டோ டெபிட் உத்தரவை ரத்து செய்யுங்கள்.

அடுத்தது பத்திரங்கள். கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் ஆவணங்களைத் திருப்பித் தர வேண்டும், தன் தவறால் தாமதமானால் நாளுக்கு 5,000 ரூபாய் இழப்பீடு தர வேண்டும் என்பது 2023 டிசம்பர் 1 முதல் நடப்பில் உள்ள ரிசர்வ் வங்கி விதி. ஆவணம் தொலைந்திருந்தால் நகல் எடுக்க உதவி செய்வதும் அதன் செலவும் கடன் கொடுத்தவர் பொறுப்பு. கடன் வாங்கியபோது தந்த ஆவணப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு மூலப் பத்திரம், தாய்ப் பத்திரங்கள், கட்டட அனுமதி வரைபடம் என்று தாள் தாளாகச் சரிபார்த்த பிறகே கையெழுத்துப் போடுங்கள். இழுத்தடித்தால் முதலில் எழுத்தில் புகார். 30 நாளில் பதில் இல்லை என்றால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் இணையத்திலேயே முறையிடலாம், கட்டணம் கிடையாது.

தமிழ்நாட்டில் பலர் விட்டுவிடும் வேலை எம்ஓடி ரத்து. கடன் வாங்கியபோது பத்திரங்களை ஒப்படைத்ததைச் சார்பதிவாளர் அலுவலகத்தில் பதிவு செய்திருப்பார்கள். கடன் தீர்ந்ததும் வங்கி தரப்பில் ரசீது ஆவணம் எழுதிக் கொடுத்து அதையும் அங்கே பதிவு செய்ய வேண்டும். செய்யாவிட்டால் வில்லங்கச் சான்றில் அடமானம் அப்படியே நிற்கும். பிள்ளைகள் காலத்தில் விற்கப் போகும்போது, அந்தக் கிளையே இல்லாமல் போயிருக்கும் நிலையில், அலைச்சல் அவர்களுக்கு. ரத்துப் பதிவு முடிந்ததும் பதிவுத்துறை இணையதளத்தில் புதிய வில்லங்கச் சான்று எடுத்து ரசீது பதிவாகியிருக்கிறதா என்று பாருங்கள். அடமானங்களைப் பதிவு செய்யும் மத்தியப் பதிவேடான செர்சாயில் உங்கள் சொத்தின் மேல் உள்ள பதிவையும் வங்கி நீக்கியிருக்க வேண்டும். கேட்டு உறுதி செய்துகொள்ளுங்கள். ஓரிரு மாதம் கழித்து சிபில் அறிக்கையில் கடன் முடிந்ததாகக் காட்டுகிறதா என்றும் பாருங்கள்.

கடனோடு சேர்த்து ஒரே பிரீமியத்தில் இன்சூரன்ஸ் போட்டிருந்தால், மீதிக் காலத்துக்குப் பணம் திரும்புமா என்று காப்பீட்டு நிறுவனத்திடம் கேளுங்கள். உங்கள் டெர்ம் பாலிசியோ வீட்டுக் காப்பீடோ வங்கியின் பெயருக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தால், அதை உங்கள் பெயருக்குத் திரும்ப மாற்றி, நாமினியாகக் குடும்பத்தார் பெயர் இருக்கிறதா என்று அதே வாரத்தில் சரிபார்த்துவிடுங்கள்.